தீபாவளி லீவும் சிமெண்ட் சாக்கும்

லீவில் முகாமுக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, அங்கே போய் என்ன பாடம் எடுக்கலாம்?" என்பதுதான். பாடம் எதுவும் எடுக்க வேண்டாம் என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். பள்ளிக்கூடச் சுவரில் படம் வரையலாமா? வேண்டாம். பழைய துணி? அதுவும் வேண்டாம். "அப்போ எதுக்குக்கா போறோம்?" என்று கடைசியில் கேட்பார்கள். சாக்கில் மண் அள்ளி, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டத்தான்.

நான் மும்பை தாராவிக்காரி. கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில், அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தில், சேர்ந்துதான் தாணே மாவட்டத்து ஷஹாபூர் பக்கம் முதலில் போனேன். வேலைக்குப் போன பிறகும் பழக்கம் விடவில்லை. தீபாவளி லீவில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போய்வருகிறேன். 90 அடி ரோடு, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், கல்வா என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். பாதிப் பேருக்குக் கிராமம் என்றால், கோயில் கொடைக்கு ரயிலேறிப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரும் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கும் ஊரை அவர்கள் பார்த்ததில்லை.

என்.எஸ்.எஸ். 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, செப்டம்பர் 24ஆம் தேதி தொடங்கிய திட்டம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. குழப்பமெல்லாம் இந்த ஏழு நாளில்தான். ஏழு நாளில் ஒரு குழந்தைக்கு இங்கிலீஷ் வராது. சுகாதார விழிப்புணர்வு என்று கோஷம் போட்டுத் தெருவைச் சுற்றினால், கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் எங்கே என்று ஊர்ப் பெண்கள் கேட்பார்கள். ஷஹாபூரில் நான் பார்த்த ஒரு ஜில்லா பரிஷத் பள்ளியின் சுவரில் கல்லூரிகளின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழுவும் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதுப் படம் வரைந்திருக்கிறது. தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, "சுவர் மட்டும் ரொம்ப முன்னேறிவிட்டது" என்றார்.

அதனால் ஊருக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போடும் முன்பு, நமக்கு இருக்கும் நாளில் எந்த வேலை தொடங்கி முடியும் என்று பார்க்கச் சொல்கிறேன். வேலைக்கு நிறையக் கை வேண்டும், ஆனால் கொஞ்ச நாள்தான் வேண்டும். முடிந்த பிறகு நாம் இல்லாமலே அது பயன் தர வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துகிற வேலைகள் அதிகம் கிடையாது. மகாராஷ்டிரத்தில் வனராய் பந்தாரா என்று சொல்லும் மண்மூட்டைத் தடுப்பணை பொருந்துகிறது. காலிச் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, தைத்து, ஓடையின் குறுக்கே அடுக்க வேண்டியதுதான். சிமெண்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். அடுத்த மழையில் போய்விடும் என்று தெரிந்தேதான் கட்டுகிறார்கள்.

ஷஹாபூர் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளில் துளசியும் விஹாரும்தான் நகருக்குள் இருப்பவை. பாத்ஸா அணையும் தான்சா ஏரியும் ஷஹாபூர் தாலுகாவில் இருக்கின்றன. 1892இல் வெள்ளைக்காரன் கட்டிய தான்சாவிலிருந்து இன்றைக்கும் நகருக்குத் தண்ணீர் வருகிறது. நகரம் குடிப்பதில் பாதியளவு பாத்ஸா ஒன்றிலிருந்து மட்டும் வருகிறது. அதே தாலுகாவில் மலைமேல் இருக்கிற பாடாக்களுக்கு, அதாவது சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கு, ஏப்ரல், மே மாதங்களில் டேங்கர் போகிறது. மழை குறைவா என்றால் அதுவும் இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, தமிழ்நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் கருங்கல் பாறையும் சரிவுமான நிலம். நான்கு மாதம் கொட்டுகிற மழை நிற்காமல் வழிந்து ஓடிவிடும். விடியற்காலையில் எழுந்து குழாயடியில் டிரம் வைத்து இடம் பிடிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கள் குழாய்க்கு வருகிற தண்ணீர் எந்த ஊர் வழியாக வருகிறது என்பதுதான் அவர்களுக்குப் புதுச் செய்தி.

இனி நேரம். மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் இரண்டாம் வாரம் வாக்கில் விலகும். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுத்தால்தான் தேங்கும். பல கல்லூரிகள் கிறிஸ்துமஸ் லீவில் முகாம் வைக்கின்றன. குளிராக, வசதியாக இருக்கும், சரி. ஆனால் அதற்குள் சின்ன ஓடைகள் பாதி வற்றியிருக்கும். தடுக்கத் தண்ணீர் இருக்காது. தீபாவளிதான் சரியான நேரம். அந்த நேரத்தில் ஊர்க்காரர்களால் கட்ட முடியாது, ஏனென்றால் அப்போதுதான் நெல் அறுப்பு. இருக்கிற கையெல்லாம் வயலில் இருக்கும். அறுப்பு முடிந்ததும் காத்கரி ஆதிவாசிக் குடும்பங்கள் செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பிவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு குழந்தைகளோடு போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்புவார்கள். கட்ட வேண்டிய நாளில் ஊரில் ஆள் இல்லை, கல்லூரிப் பிள்ளைகளுக்கோ அதே நாளில் லீவு. எங்கள் முகாமுக்கு இருக்கும் ஒரே நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கும் அப்போது லீவு என்பதால் தங்குவதற்கு வகுப்பறை கிடைக்கும். பாடம் எடுக்கலாம் என்று போனவர்கள் பூட்டிய வகுப்பறையைப் பார்த்து நின்ற கதையும் உண்டு.

முகாமுக்கு ஒரு மாதம் முன்பாவது இரண்டு மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். காசாரா லோக்கலில் ஆசன்காவ் இறங்கினால் ஷஹாபூர். சயானில் ஏறுகிறவர்கள் ஸ்லோ வண்டி பிடித்துத் தாணேயிலோ கல்யாணிலோ மாற வேண்டும். காசாரா வண்டி ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் ஆகும், பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து எஸ்.டி. என்கிற அரசு பஸ், பிறகு ஷேர் ஜீப், பிறகு நடை. சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்), கிராமசேவக் (ஊராட்சிச் செயலாளர்) இருவரையும் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓடை வனத்துறை நிலத்தில் ஓடினால் அவர்களிடமும் கேட்க வேண்டும். ஆனால் இடத்தைச் சர்பஞ்சிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். துணி துவைக்கவும் குடம் தூக்கவும் போகிற பெண்களிடம் கேளுங்கள். ஓடை எங்கே முதலில் வற்றும், எந்த மடுவில் ஜனவரி வரை தண்ணீர் நிற்கும், மாடு எங்கே இறங்கும் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை நாங்கள் அகலமாக, அழகாக இருந்த ஒரு இடத்தைக் காட்டியபோது ஒரு டாகூர் ஆதிவாசிப் பாட்டி ஒன்றும் பேசாமல் எங்களை மேலே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் கரை உயர்ந்து, நடுவில் ஓடை ஒடுங்கி, அடியில் பாறை தெரிந்த இடத்தில் காலால் தட்டிக் காட்டினார். பாதிச் சாக்கிலேயே வேலை முடிந்தது.

இன்னொரு கேள்வியும் அப்போதே கேட்டுவிட வேண்டும். இந்த வேலை ஊரின் ரோஜ்கார் ஹமி, அதாவது வேலை உறுதித் திட்டப் பட்டியலில் இருக்கிறதா? மகாராஷ்டிரம் 1977லேயே வேலை உறுதியைச் சட்டமாக்கிய மாநிலம். 2005இல் நாடு முழுவதற்கும் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு முன்னோடி அது. ஊர்க்காரர்களுக்குக் கூலியோடு வர வேண்டிய வேலையை நாம் இலவசமாகச் செய்துவிட்டுக் கைதட்டு வாங்கி வந்தால் அது சேவை இல்லை, அவர்கள் சட்டியில் கை வைப்பது. பட்டியலில் இருந்தால் வேறு ஓடை பாருங்கள்.

சாக்கு சேர்ப்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு மற்ற கல்லூரிக்காரர்களைவிடச் சுலபம். மறுசுழற்சித் தொழிலுக்குப் பேர்போன 13 காம்பவுண்டு எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. பழைய சாக்கு வாங்கி விற்கிறவர்களில் நம்மவர்களும் உண்டு. "என்னலே, சாக்கு தூக்கவா காலேஜ்ல சேர்த்து விட்டாங்க?" என்று கேலி செய்துகொண்டே குறைத்துக் கொடுப்பார்கள். ரீடெவலப்மெண்ட் கட்டடம் எழும்புகிற இடங்களில் சூப்பர்வைசரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். வாங்கும்போது ஒவ்வொரு சாக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த சாக்கின் இழை விரலால் கீறினாலே பிரியும், அதை எடுக்காதீர்கள். காகிதச் சாக்கும் ஆகாது. பிறகு உதற வேண்டும். வெளியே, காற்று போகும் பக்கம் திரும்பி நின்று, மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு. சிமெண்ட் தூசு ஈரக் கையில் பட்டால் தோல் எரியும். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான சாலுக்குள் உதறினால் பக்கத்து வீட்டு அத்தை உங்களையே உதறிவிடுவார்.

கட்டுவதைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. முதலில் ஓடையின் அடியில் கிடக்கும் இலை, சேறு, தளர்ந்த மணல் எல்லாவற்றையும் கெட்டித் தரை வரும்வரை வழித்தெடுக்க வேண்டும். இதில் சோம்பினால் தண்ணீர் மூட்டைக்கு அடியிலேயே போய்விடும். கரை இரண்டையும் கொஞ்சம் வெட்டி, மூட்டை வரிசையின் இரு முனையும் கரைக்குள் போய் உட்கார்கிற மாதிரி செய்ய வேண்டும். ஒழுகுவது பெரும்பாலும் கரையோரத்தில்தான். சாக்கை முழுக்க நிரப்பாதீர்கள். பையன்களுக்கு எப்போதும் ஒரு வீம்பு வரும், வாய் வரை நிரப்பித் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிரப்பினால் தூக்கவும் முடியும், வைத்ததும் தட்டையாக அமர்ந்து பக்கத்து மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். வாயைக் கோணி ஊசியும் நைலான் சுதலியும் கொண்டு தைக்க வேண்டும். முடிச்சுப் போட்டுக் கட்டினால் அந்த முடிச்சே இடைவெளி விடும்.

அடுக்குவது செங்கல் சுவர் மாதிரி. கீழ் வரிசையில் இரண்டு மூட்டை சேரும் இடத்தின் மேல் அடுத்த வரிசை மூட்டையின் நடுப்பகுதி வர வேண்டும். அடி அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருக்கட்டும், உயரம் இடுப்பளவு போதும். ஓரிடத்தில் தண்ணீர் போக வழி விட்டுக்கொண்டே அடுக்கி, அந்த வழியைக் கடைசியாக அடைக்க வேண்டும். அடைக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் முகாமில் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிற நேரம். நீரேறுகிற பக்கத்தில் களிமண் குழைத்துப் பூசுங்கள். நடுவில் ஒரு மூட்டை உயரம் குறைவாக விட்டால் மிஞ்சிய தண்ணீர் அந்த வழியே வழியும், அணையை உடைக்காது. அடைத்த அன்று சாயங்காலமே தண்ணீர் பின்னால் ஏறுவது தெரியும். அந்தத் தண்ணீரில் அவரை, கொண்டைக்கடலை, வெண்டை என்று கொஞ்சம் பயிர் வைப்பார்கள். மாட்டுக்கும் துவைப்பதற்கும் கிடைக்கும். பக்கத்துக் கிணற்றில் ஊற்று கூடுதல் நாள் நிற்கும். டேங்கர் வருவது நின்றுவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், நிற்காது. சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

இதற்கெல்லாம் முன்பு ஒரு பெரிய மலையைத் தாண்ட வேண்டும். வீடு. "தீவாளி கழிஞ்ச மறுநாளே பொட்டப்புள்ளைய காட்டுக்கு அனுப்பச் சொல்லுதியா?" என்று கேட்கிற அம்மாவிடம் என்.எஸ்.எஸ். வரலாறு சொல்லிப் பயனில்லை. நான் கண்ட வழி, முன்கூட்டிப் போய்ப் பார்க்கும்போது இரண்டு அம்மாக்களையும் கூட்டிப்போவது. தங்கப்போகும் வகுப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை எத்தனை அடி தூரம், ராத்திரி அந்த வழியில் வெளிச்சம் உண்டா, தண்ணீர் யார் கொண்டுவருவது என்று அவர்கள் பார்க்கிற பார்வை எந்த அதிகாரியும் பார்க்காத பார்வை. ஒருமுறை ஒரு சித்தி அங்கன்வாடி அக்காவிடம் அரைகுறை இந்தியில் பேசத் தொடங்கி, கடைசியில் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பாகரி ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டிருந்தார். மும்பைக்குத் திரும்பி அந்தச் சித்தி சொன்ன இரண்டு வார்த்தையில் சாலில் இருந்த அத்தனை அம்மாக்களும் சம்மதித்தார்கள். நான் மூச்சுப் பிடிக்கப் பேசியும் நடக்காத காரியம் அது.

பாஷைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஏற்பாடு வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு மராட்டி தடுமாறும். நகரத்து இந்தியைப் பாடாவின் பெரியவர்கள் பாதிதான் பிடிப்பார்கள். மராட்டி நன்றாகப் பேசுகிற ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் நாமே கொண்டுபோய், ஊர்ப் பெண்கள் சிலருக்குக் கூலி கொடுத்துச் சமைக்கச் சொல்வது நல்லது. ஊரிலிருந்து ஓசியில் ஒன்றும் வாங்காதீர்கள். கூப்பிட்டு டீ கொடுத்தால் மறுக்கவும் வேண்டாம். புல்லில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அறுப்புக் காலத்தில் பாம்பும் தேளும் நடமாடும். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை எது, ராத்திரியில் அங்கே போக எந்த ஜீப் வரும், 108க்கு எந்த மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும். மாதவிடாய்க்கான பொருட்களை அவரவர் கொண்டுவருவதோடு, பொதுவிலும் கொஞ்சம் வைத்திருங்கள். அந்தக் கழிவைத் திரும்ப மும்பைக்கே எடுத்து வரப் பையும் வேண்டும்.

போட்டோ விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கத் தடை. மூட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள், மூட்டை ஆட்சேபிக்காது. நான் படித்தபோது என்.எஸ்.எஸ். முடித்தவர்களுக்கு 10 மதிப்பெண் சலுகை கிடைத்தது. அதற்காக வருகிறவர்களை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். மார்க்குக்காக வந்தவன்தான் சில சமயம் மற்ற எல்லாரையும்விடச் சுத்தமாகச் சாக்குத் தைக்கிறான். அழுது, உருகி, "இந்த மக்களை மறக்கவே மாட்டேன்" என்று பேசுகிறவர்கள் மூன்றாம் நாள் கால் வலி என்று ஒதுங்குவதையும் பார்த்திருக்கிறேன். தேதியில்தான் ஒரு தொந்தரவு. செமஸ்டர் பரீட்சை தள்ளிப்போனால் எங்கள் திட்டமும் கலையும். அதனால் ஊரில் ஒரே தேதியைச் சொல்லாமல், இந்த வாரத்திலிருந்து அந்த வாரத்துக்குள் என்று சொல்லிவைக்கிறோம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில பேர் போய்த் தண்ணீர் எதுவரை நிற்கிறது, எங்கே ஒழுகியது என்று பார்த்துக் குறித்து வருவார்கள். அடுத்த வருடத்துக்கு எந்த ஓடை என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். மே லீவில் இன்னொரு வேலை இருக்கிறது. பெரும்பாலான முகாம்கள் அதைச் செய்வதில்லை. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சாக்கு நாராகக் கிழியும். மழை வந்தால் அந்த நார் எல்லாம் ஓடையோடு பாத்ஸாவுக்குப் போகும், அங்கிருந்து நம் குழாய்ப் பக்கம்தான். அதனால் ஜூன் பிறக்கும் முன்பு போய், சாக்குகளைக் கிழித்து மண்ணை அங்கேயே கொட்டி, சாக்கை மட்டும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருகிறோம். எடைக்குப் போட்டால் அதே 13 காம்பவுண்டில் ஜீப் வாடகையில் ஒரு பங்காவது தேறும். இதற்குச் சான்றிதழ் கிடையாது, மணி நேரக் கணக்கும் கிடையாது, வெயிலோ மண்டையைப் பிளக்கும். வருகிறவர்கள் ஒரு ஜீப்புக்குள் அடங்கிவிடுவார்கள். அடுத்த தீபாவளிக்குக் குழுத் தலைவர்களை அந்த ஜீப்பிலிருந்துதான் எடுக்கிறோம்.